எழுபத்தெட்டு

வெள்ளைப் பலகையில் நவம்பர் பதினான்கு என்று இருந்தது.
ரகோத்தம் அதை உள்ளங்கையால் அழித்தார்,
டஸ்டர் பக்கத்திலேயே இருந்தும்.
செப்டம்பர் ஒன்பது என்று எழுதிவிட்டுக் கையைப் பார்த்தார்.
கருநீலமாய் நவம்பர்
ரேகைகளில் ஒட்டியிருந்தது.

காரணம் ஒரு படம்.
ஊதா வழி மெட்ரோ, காலைக் கூட்டம்,
மேல்கம்பியைப் பிடித்த ஒரு கை.
பதினேழு மாதம் நாங்கள் பொத்தி வைத்த கடிகாரம்
அதில் மணி எட்டு ஐம்பத்திரண்டு காட்டிக்கொண்டிருந்தது.
ராத்திரிக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.
ஒருவன் பட்டையின் நிறத்தைப் பழித்தான்.
ஒருவன் விலையை ஊகித்தான்,
அச்சாக அதேதான் விலை.

கை என்னுடையது.

திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை.
வெளியே கட்டிக்கொண்டு நட, ஓடு, வேர்க்க விடு என்று
எழுத்தில் கொடுத்த வேலை.
முழுக்கைச் சட்டை போடச் சொன்னார்கள், போட்டேன்.
கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால்
சட்டைக்கை எந்தப் பக்கம் போகும்?
விசாரணைக்கு வந்த மிருணாளினி
படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்,
பட்டையை ஒட்டி ஒரு மச்சம் வரும்வரை.
பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதி
இருபது வருடமாய் யாருக்கும் தேவைப்படாத மச்சம்.

பிழை எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு
என் பெயரில் இருந்தது.
கையே இல்லாத இடத்திலும் கடிகாரம் நாடி பார்க்கிறது.
மடிவாளா சந்தையில் வாங்கிய ஏலக்கிப் பழம்
இரண்டைச் சேர்த்துக் கட்டினேன்: எழுபத்தெட்டு.
சுருட்டிய டிஷ்யூ காகிதத்துக்கு எழுபத்தெட்டு.
பிஜோயின் தண்ணீர் பாட்டிலுக்கும்.
விடை தெரியாதபோது எதையாவது உரக்கச் சொல்லிவிடும்
கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி.
திருத்த ஆறு வாரம் ஆகும் என்று எழுதினேன்.
பலகை அழிந்த அன்று மாலை
அதன் நிலை மாறியிருந்தது:
பின்னர்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்றேன், சாப்பாட்டு மேசையில்.
அண்டா என்றால் என்ன என்று ஷீத்தல் கேட்டாள்.
கையை விரித்துக் காட்டி விளக்கினேன்.
நம்முடையதற்குத்தான் கையே தேவையில்லையே என்றாள்.
எல்லோரும் சிரித்தோம்.
அதற்குப் பிறகு அந்த மேசையில் சிரிக்க ஆள் இல்லை.
கெம்பராஜு மகளின் பெயர்சூட்டு விழாவைத் தள்ளிவைத்தார்.
பிஜோய் நாற்காலியில் தூங்கினான்.
சில்க் போர்டு சந்திப்பே காலியாகிவிடும் நேரத்தில்
அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் போவேன்,
இவ்வளவும் என் கை செய்தது என்று
இடது கையை மடியில் ஒளித்தபடி.

பிறகு பிரிண்டர் தட்டில் யாரோ மறந்த ரசீது.
ஒயிட்ஃபீல்டு அரங்கம், ஒரு நாள் வாடகை, முன்பணம்.
நிகழ்ச்சி தேதி செப்டம்பர் ஒன்பது.
பணம் கட்டிய தேதி ஜூலை இரண்டு.
என் கை அந்தக் கம்பியைத் தொட
அப்போது இன்னும் நாற்பது நாள் இருந்தது.

கூரை ஒழுகுவதற்கு முன்பே
வாளியை வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் படத்துக்கு இதில் பங்கே இல்லையா?
இருக்கிறது.
படம் வராமல் தேதியை அழித்திருந்தால்
யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருப்போம்.
வந்த பிறகு யாரும் கேட்கவில்லை.
ரசீதை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன்,
நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் ஒன்பது, அரங்கில் இருட்டு.
நிறுவனர் மேடையில் கையை உயர்த்துகிறார்.
பின்னால் ஆளுயர எழுத்தில் அவர் இதயம்:
எழுபத்தெட்டு.
கூட்டம் எழுந்து நிற்கிறது.

அவர் நிஜமாகவே நிதானமாக இருந்திருக்கலாம்.
எழுபத்தெட்டு மனிதருக்கும் வரக்கூடிய எண்தான்.
பதினெட்டாவது வரிசையில்
மச்சத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து
என்னுடையதை எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தொன்றில்
கைதட்டலோடு கலந்து
கணக்கு விட்டுப்போயிற்று.